எவ்.பி.சி அறிக்கையை எப்படி வாசிப்பது?

கார்த்திகை மழையோடு யாழ்ப்பாணத்தில் டெங்கு தலைதூக்கினால், பலர் எவ்.பி.சி (முழுக் குருதிக்கல எண்ணிக்கை) தாளில் பிளேட்லட் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். குருதிக்கலங்கள் எல்லாமே என்பு மச்சையில்தான் பிறக்கின்றன. ஆனால் ஆயுள் ஒன்றல்ல. அந்த ஆயுளை மனதில் வைத்துத் தாளை வாசியுங்கள்.

வெண்குழியங்களில் பெரும்பங்கான நடுநிலைநாடிகள் குருதியில் ஒரு நாள் அளவே சுற்றும். ஆகவே வெண்குழிய எண்ணிக்கை இன்றைய நிலையைச் சொல்கிறது. 4,000 முதல் 11,000 வரை வழமை. டெங்கில் இது முதலில் இறங்கும்.

பிளேட்லட், அதாவது குருதிச் சிறுதட்டு, மச்சையின் மிகப் பெரிய கலமொன்றிலிருந்து கழன்று வரும் துணுக்கு. ஆயுள் 7 முதல் 10 நாள், வழமை 150,000 முதல் 450,000 வரை. கருவில்லாததால், அஸ்பிரின் பட்ட தட்டு தன்னைத் திருத்திக்கொள்ளாது. சாகும்வரை அப்படியே கிடக்கும். அதனால்தான் டெங்குக் காய்ச்சலுக்கு அஸ்பிரின் கூடாது. இபுபுறோபனும் வேண்டாம், பரசிற்றமோல் மட்டும்.

காய்ச்சலின் மூன்றாம் நாளுக்குள் முதல் எவ்.பி.சி எடுங்கள். பிளேட்லட் ஒரு இலட்சத்துக்குக் கீழே போனால் நோயாளியை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். பக்கத்திலேயே பி.சி.வி என்ற எண்ணையும் பாருங்கள். குருதியில் செங்குழியங்கள் பிடிக்கும் பங்கு அது. அது முதல் அளவிலிருந்து 20 சதவீதம் ஏறினால் நாளங்களிலிருந்து திரவவிழையம் (குருதியின் நீர்ப்பகுதி) கசிகிறது. டெங்கில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்தக் கசிவுதான். காய்ச்சல் விடும் நேரத்தில்தான் இது தொடங்கும். ‘காய்ச்சல் விட்டிட்டுது’ என்று ஆறுதலடையும் நேரம் அதுவல்ல. காய்ச்சலோ குருதிப்போக்கோ இல்லாதவருக்குப் பிளேட்லட் மிகக் குறைவாக வந்தால், ஊதா மூடிக் குழாயில் தட்டுகள் ஒட்டித் திரண்டிருக்கலாம். மறுபடி குருதி எடுத்து, நுணுக்குக்காட்டியிலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

செங்குழியத்தின் கதை நீளம். ஒட்சிசன் குறைந்தால் சிறுநீரகம் எரித்திரோபொயெற்றின் என்ற ஓமோனைச் சுரக்கும். மச்சை ஏறத்தாழ ஒரு வாரத்தில் கலத்தை முதிரவைத்து, கருவை வெளியே தள்ளி அனுப்பும். அது 120 நாள் ஓடும். ஆகவே எச்.பி, அதாவது செங்குழியத்திலுள்ள ஈமோகுளோபினின் அளவு, சில மாதங்களின் கணக்கு. ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்குக் கீழே வந்தால் குருதிச்சோகை.

அடுத்து எம்.சி.வி, அதாவது செங்குழியத்தின் சராசரிப் பருமன். 80க்குக் கீழ் என்றால் கலம் சிறிது, 100க்கு மேல் என்றால் பெரிது. பெரிதானால் பி12, போலேற் குறைவைத் தேடவேண்டும். சிறிதானால் எம்.சி.வியைச் செங்குழிய எண்ணிக்கையால் பிரித்துப் பாருங்கள். 68ஐ 3.9ஆல் பிரித்தால் 17. 13ஐத் தாண்டுவதால் இரும்புக் குறைவின் சாயல். 68ஐ 5.6ஆல் பிரித்தால் 12. தலசீமியா என்ற பரம்பரைக் குருதிநோயின் மரபணுவைக் காவுபவராக இருக்கலாம். இது குறிப்பு மட்டுமே. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின் பரிசோதனை பார்க்காமல் மாதக்கணக்கில் இரும்புக் குளிசை விழுங்க வேண்டாம்.

இரும்புக் குறைவு உறுதியானால் குளிசையை வெறுவயிற்றில் தேசிக்காய்த் தண்ணியோடு எடுங்கள். தேத்தண்ணியும் பாலும் இரும்பை உறிஞ்சவிடாது. ஒன்றிரண்டு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். முருங்கை இலை நல்ல உணவுதான், குளிசைக்கு ஈடாகாது. எச்.பி ஏறியது தெரிய மூன்று, நான்கு கிழமை செல்லும். அது வழமைக்கு வந்த பிறகும், உடலின் சேமிப்பு நிரம்ப, இன்னும் 3 மாதம் குளிசையைத் தொடருங்கள்.