சவாரி முகாமுக்கு நாயோடு வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன தை மாதம் வாடிப்பட்டிக்குப் பக்கத்தில், சிறுமலை அடிவாரத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் இரண்டு நாள் சவாரி முகாம். பதினோரு குதிரை, நாலு நாய். விடிந்தும் விடியாமல் ஒரு கல்லூரிப் பையன் தன் சிப்பிப்பாறை நாயைத் தென்னையில் கட்டி, முன்னால் ஒரு சட்டி தண்ணீரும் வைத்துவிட்டுக் குதிரைக்குச் சேணம் போடக் கிளம்பினான். "தம்பி, நாயை யாரு பாத்துக்குவா?" என்றேன். "கட்டித்தானண்ணே போட்டிருக்கேன்" என்றான். இதே பதிலை ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன்.

நாய் போட்டதை அள்ளுங்கள், ராத்திரி குரைக்க விடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதுகூடத் தெரியாதவர் முகாமுக்கே வர வேண்டாம்.

கட்டிப்போட்டுவிட்டுச் சவாரி போவது

என் கன்னி இன நாய் குட்டியிலிருந்தே என் பெட்டைக் குதிரையின் லாயத்தில், வைக்கோலில் படுத்து வளர்ந்தது. அந்தத் தைரியத்தில் அழகர்மலை அடிவாரத்தில் நடந்த ஒரு முகாமுக்கு அதையும் ஜீப்பில் ஏற்றிப் போனேன். பம்பரில் நைலான் கயிற்றால் கட்டினேன். முடிச்சு அவிழவில்லை, கயிறும் அறுந்துபோகவில்லை. ஆனால் கன்னி, சிப்பிப்பாறைக்கெல்லாம் மண்டை ஒடுக்கம். பின்னால் நாலு எட்டு வைத்துத் தலையை உதறினால் சாதாரணக் கழுத்துப்பட்டை காதைத் தாண்டிக் கழன்றுவிடும். நான் கண்ணுக்கு மறைந்ததும் அதைத்தான் செய்திருக்கிறது. திரும்பி வந்து பார்த்தபோது கொக்கி மாட்டியது மாட்டியபடி, பட்டை மட்டும் பம்பரில் தொங்கிக்கொண்டிருந்தது.

குரைத்துக்கொண்டு வந்திருந்தாலாவது தெரிந்திருக்கும். துரத்தும்போது அது வாயே திறக்காது. வரிசையில் கடைசியாக வந்தது மேலூர்க்காரர் ஒருவரின் கத்தியவார் குதிரை. மேலே சவாரி பழகி இரண்டே மாதமான ஒரு பெண். குதிரைக்குச் சுற்றிலும் கிட்டத்தட்ட 350 பாகை கண் தெரியும். தெரியாத இடங்களில் ஒன்று வாலுக்கு நேர் பின்னால். நாய் வந்ததும் அந்த வழிதான். கண்ணில் படாத ஒன்று காலடியில் பாய்ந்து வந்தால், அது யார் வீட்டுச் செல்லம் என்று குதிரை விசாரிக்காது. ஒரே உதை. நாய்க்குக் கீழ்த்தாடை உடைந்தது. அந்தப் பெண் வரப்பில் விழுந்து காறை எலும்பு முறிந்தது.

அந்தப் பெண்ணின் ஆஸ்பத்திரிச் செலவு, நாயின் தாடைக்கு வைத்த கம்பி எல்லாம் சேர்த்து அறுபதாயிரத்துக்கு மேல் போனது. பணம் போகட்டும். அந்தக் குதிரை அதற்கப்புறம் பின்னால் சைக்கிள் வந்தாலே துள்ள ஆரம்பித்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டு மேலூர்க்காரர் விற்றுவிட்டார். நல்ல குதிரை அது.

குதிரை ஏறாத ஓர் ஆள் நாய்க்கென்றே இருக்க வேண்டும். ஆள் இல்லையா, நாயை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். காருக்குள் அடைக்கிற பேச்சே வேண்டாம். மதுரை வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டாலும் உயிர் போகும். மீறி ஒரு நாய் அவிழ்ந்து வந்துவிட்டால் குதிரையை விரட்டாதீர்கள். நிறுத்தி, அதன் முகத்தை நாய்ப் பக்கம் திருப்புங்கள். கண்ணால் பார்த்துவிட்டால் பல குதிரைகள் அடங்கிவிடும். நாய்க்காரர் கத்திக்கொண்டே பின்னால் ஓடினால், நாய் அதை விளையாட்டென்று நினைத்து இன்னும் ஓடும்.

அந்தப் பையன் முதல் சுற்றுக்குப் போகாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தோப்பிலேயே உட்கார்ந்திருந்தான். அடுத்த சுற்றில் அவன் கூட்டாளி நாயைப் பிடித்துக்கொண்டான்.

"என் நாய் ஒண்ணும் செய்யாது"

குதிரை செய்யும்.

இழுக்க இழுக்க நீளும் கயிறு

வேண்டாம். குதிரையின் காலில் சுற்றினால் தோலை உரித்துவிடும்.

லாடம் அடிக்கும் இடம்

சீவிப் போட்ட குளம்புத் துண்டு நாய்க்குக் கருவாடு மாதிரி. அதோடு சேர்ந்து ஆணியும் கிடக்கும். அந்த நேரத்தில் குதிரை மூன்று காலில் நிற்கிறது, அடியில் ஒரு மனிதர் குனிந்திருக்கிறார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

லத்தி

பூச்சி மருந்தாக ஐவர்மெக்டின் கொடுத்த குதிரையின் லத்தியில் சில நாளுக்கு மருந்து கலந்து வரும். அதைத் தின்ற நாய் தள்ளாடக்கூடும். கோலி (collie) என்கிற ஆட்டுமந்தை நாய் இனமென்றால் உயிருக்கே ஆபத்து. எந்தக் குதிரைக்கு எப்போது மருந்து கொடுத்தார்கள் என்று போன உடனே கேட்டுவிடுங்கள்.

ஊசிச் சீட்டு

வெறிநோய் குதிரைக்கும் வரும். சீட்டு இல்லாத நாய்க்கு இடமில்லை.

முயல்

சிறுமலைப் பக்கம் காப்புக்காடு உண்டு. சிப்பிப்பாறையோடு அந்த ஓரமாக நடந்தால் வனக்காவலர் முயல் வேட்டை என்றுதான் எடுத்துக்கொள்வார். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கூடவே ஒரு குதிரையும் நிற்பதைப் பார்த்தால் அவருக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும்.