படத்தோடு ஒரு துண்டுச் சீட்டு

ஆவணக் காப்பகத்தில் பிடித்த எழுத்தாளரின் கையெழுத்துப் படிகளைப் போனில் படம் எடுக்கும்போது, பெட்டி எண்ணையும் கோப்பு எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஒவ்வொரு படத்திலும் விழும்படி வையுங்கள். தாளின் மேல் வேண்டாம், பக்கத்தில். எழுதப் பென்சில் கொண்டுபோங்கள். வாசிப்பறைக்குள் பேனாவைப் பெரும்பாலும் விடமாட்டார்கள்.

ஒரே அத்தியாயத்துக்கு நாலைந்து வரைவுகள் இருக்கலாம். அடித்தும் இடைச்செருகியும் திருத்திய தாள்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். எது எந்தக் கோப்பில் இருந்தது என்று பார்க்கவே இன்னொரு நடை போகவேண்டி வரும். எண் படத்திலேயே இருந்தால் அதே கோப்பை மறுபடி கேட்டு வாங்கலாம், கட்டுரையில் மேற்கோளும் காட்டலாம். கோப்பு மாறும்போது சீட்டையும் மாற்றுங்கள். பழைய சீட்டோடு எடுத்த படம், சீட்டே இல்லாததைவிட மோசம்.

படமெடுக்க அனுமதி இல்லாத தொகுப்புகளில் இது உதவாது. அங்கே குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும் அந்த எண்களை எழுதிக்கொள்ள வேண்டியதுதான். ஃபிளாஷ் எங்கேயும் வேண்டாம்.