குட்டிப் பீரங்கியின் சத்தத்தை அளப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

பாய்மரப் படகுப் போட்டியைத் தொடங்கிவைக்க ஒரு குட்டிப் பீரங்கி வெடிப்பார்கள். முழங்கை நீளம்தான் இருக்கும். வெற்றுத்தோட்டாவைப் போட்டுக் கயிற்றை இழுத்தால் கரையில் ஒரு காக்கை மிஞ்சாது. போன மாதம் என்னிடம் பயிற்சிக்கு வந்த இரண்டு பையன்கள் அதை அளந்துவிட்டு வந்து, "98 டெசிபல்தான் சார், மிக்சியைவிடக் கொஞ்சம் அதிகம்" என்றார்கள். சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. பதினைந்து வருடத்துக்கு முன் நானும் இதே லட்சணத்தில்தான் எழுதிக்கொடுத்தேன்.

பேட்டரி பார்க்காமல் கிளம்புவது, மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி மாட்ட மறப்பது எல்லாம் ஒரு தடவை பட்டால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

'ஃபாஸ்ட்'டில் வைத்து அளப்பது

பெயரே ஏமாற்று. சத்தம் அளக்கிற மீட்டரில் 'ஃபாஸ்ட்' என்ற அமைப்பு சராசரி எடுக்கும் கால அளவு 125 மில்லிசெகண்ட், 'ஸ்லோ' என்றால் ஒரு முழு செகண்ட். பீரங்கியின் அழுத்த அலையோ ஓரிரு மில்லிசெகண்டில் எகிறி அடங்கிவிடும். மீட்டர் அந்தத் துளியை நீட்டிப் பரப்பிச் சராசரி சொல்கிறது. ஒரு மிளகாயை அண்டா சாம்பாரில் போட்டுவிட்டு, மிளகாயில் காரமே இல்லை என்பது மாதிரி. 2 மில்லிசெகண்ட் ஒலித்துணுக்கை ஃபாஸ்ட் 18 டெசிபலும் ஸ்லோ 27 டெசிபலும் குறைத்துத்தான் காட்டும். மீட்டர் பழுதில்லை, தரநிலைப்படியே அப்படித்தான். 35 மில்லிசெகண்ட் 'இம்பல்ஸ்' கூட உச்சத்தைப் பிடிக்காது. அதற்கென்று இருப்பது 'பீக்'.

எனக்கு இது தெரியாது. மீட்டர் விற்றவர், "எல்லாத்துக்கும் ஃபாஸ்ட்லயே வைங்க சார்" என்றார், வைத்தேன். ஒரு படகுக் கிளப்புக்கு, ஐந்து மீட்டர் தூரத்தில் 117 டெசிபல், காதடைப்பான் கட்டாயமில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை அறிவிப்புப் பலகையில் வேறு ஒட்டினார்கள். சீசன் முடியும்போது கயிறு இழுக்கும் பையன் வந்து, "அண்ணே, சாயங்காலம் வரைக்கும் காதுக்குள்ள வண்டு கத்துதுண்ணே" என்றான். பீக் இருக்கிற மீட்டரை இரவல் வாங்கி அதே இடத்தில் வைத்தேன். 147. நான் எழுதியது 14 பாஸ்கல் அழுத்தம், அவன் காதில் விழுந்தது கிட்டத்தட்ட 450. திடீர்ச் சத்தத்துக்குத் தாண்டக்கூடாத கோடு என்று பொதுவாக வைக்கிற 140-ஐ அது எப்போதோ தாண்டியிருந்தது. இரண்டாவது அளவைக்குக் கிளப் காசு தரவில்லை. நியாயம்தான். ஆனால் அந்தக் கடைக்காரர் சொன்னது இன்னும் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

இதில் காதும் கூட்டாளி. செகண்டில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிகிற சத்தத்தை, அதே அழுத்தத்தில் நீடிக்கிற சத்தத்தைவிடச் சின்னதாகத்தான் காது உணர்கிறது. "பெரிசா ஒண்ணும் கேக்கலையே" என்பதை நம்பி யாரையும் பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

போனில் அளப்பது

வேண்டாம்.

மைக் முட்டிக்கொள்வது

130 வரை போகும் மீட்டர் 147-ஐ எப்படிச் சொல்லும்? நாலு மீட்டர் தூரத்தில் 130.1, எட்டு மீட்டர் தூரத்திலும் 130.1 என்றால் மைக் முட்டி நிற்கிறது. திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஏறத்தாழ 6 டெசிபல் இறங்க வேண்டும். அரை அங்குல மைக்குகள் பலவும் 146-ஐ ஒட்டித் திணற ஆரம்பிக்கும். கால் அங்குல மைக் கேளுங்கள்.

தூரம் எழுதாத எண்

எந்தத் தூரம், குழல்வாய்க்கு முன்பக்கமா பின்பக்கமா, பக்கத்தில் சுவர் உண்டா? இவை இல்லாத எண் குப்பை. நம்மூர்ப் பட்டாசு விதியைப் பாருங்கள். 1999-இல் வந்தது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் உச்ச அளவு 145-ஐத் தாண்டக்கூடாது என்பதோடு, கீழே கெட்டியான கான்கிரீட் தரை, சுற்றி 15 மீட்டருக்குள் எதிரொலிக்கிற பரப்பு எதுவும் கூடாது என்று சேர்த்தே சொல்கிறது. எங்கள் கிளப்பில் பீரங்கிக்குப் பின்னாலேயே தகரக் கொட்டகை.

இரண்டு பீரங்கி என்றால் இரண்டு மடங்கு டெசிபல்

சத்தத்தின் மொத்த ஆற்றல் இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும்.

சத்தத்தை வைத்து நேரம் எடுப்பது

ஒலி ஒரு செகண்டில் சுமார் 340 மீட்டர் போகும். தள்ளி நிற்கிற படகுக்குச் சத்தம் ஒரு செகண்ட் பிந்தித்தான் வரும். அதனால்தான் போட்டி விதி கொடியைப் பார்த்து நேரம் எடுக்கச் சொல்கிறது. பீரங்கி வெடிக்காமல் போனாலும் போட்டி தொடங்கியதாகவே கணக்கு.