பராமரிப்புப் பணியில் நெருக்கமும் எல்லையும்: ஒரு நடைமுறை வழிகாட்டி

எல்லை என்றதுமே, தள்ளி நிற்கச் சொல்கிறார்கள் என்றுதான் புதிதாகப் பணிக்கு வருபவர்கள் நினைக்கிறார்கள். ஒருவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றிவிட்டு, மாத்திரை எடுத்துக் கொடுத்து, அவர் வீட்டுச் சாவியையும் வைத்திருப்பவர் தள்ளி நிற்க முடியாது. நிற்கவும் கூடாது. அந்த நெருக்கத்தில் இருவரும் சமமாக இல்லை என்பதுதான் சிக்கல். அவருடைய நோய், கடன், குடும்பச் சண்டை எல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களைப் பற்றி அவருக்கு அநேகமாக எதுவும் தெரியாது. உங்களுக்குப் பிடிக்காததைச் சொன்னால் நாளை கவனிப்பு குறைந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு எப்போதும் இருக்கும். அதனால் அவர் சொல்லும் 'சரி' எல்லாமே சம்மதம் ஆகிவிடாது.

எது எல்லைக்குள், எது வெளியே என்று குழப்பம் வந்தால் ஒரு கேள்வி போதும்: இன்று செய்ததை இன்றே பதிவேட்டில் உள்ளது உள்ளபடி எழுத முடியுமா? எழுதத் தயங்கினால், மேற்பார்வையாளரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள்

எந்தெந்த நாளில், எத்தனை மணிக்கு வருவீர்கள், என்னென்ன செய்வீர்கள், எதைச் செய்ய இயலாது, நீங்கள் பணியில் இல்லாதபோது யாரை அழைக்க வேண்டும், உங்கள் குறிப்புகளை யார் படிப்பார்கள் ஆகியவற்றை முதல் நாளே சொல்லுங்கள். பெரிய எழுத்தில் எழுதியும் கொடுங்கள். படிக்க இயலாதவருக்குப் படம் வரைந்து காட்டலாம். முதல் சந்திப்பின் பதற்றத்தில் பாதிகூட மனதில் நிற்காது. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை சொல்லுங்கள். மறதி நோய் உள்ளவருக்கு ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கும்.

எப்படி அழைத்தால் அவருக்குப் பிடிக்கும் என்று கேளுங்கள். கேட்காமலே 'பாட்டி' என்றோ 'செல்லம்' என்றோ தொடங்கிவிட்டால், பிடிக்காவிட்டாலும் சொல்லமாட்டார்.

இதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வரும் தொல்லை பெரியது. மூன்று முறை செய்து கொடுத்த வேலையை நான்காம் முறை மறுத்தால், அதை விதி என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கோபம் என்றே நினைப்பார்கள்.

பணமும் பரிசும்

அதிகமான புகார்கள் முளைக்கும் இடம் இது. நேர்மையானவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். கடைக்குப் போகுமுன் பணத்தை அவர் முன்னிலையில் எண்ணித் தொகையை எழுதுங்கள். உங்கள் பணத்தோடு கலக்காமல் தனி உறையில் வையுங்கள். திரும்பி வந்ததும் ரசீதையும் மீதியையும் அவர் முன் வைத்து எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு, ரசீதைப் பதிவேட்டில் ஒட்டுங்கள். ரசீது தராத கடை என்றால் பொருள், விலை, நேரம் மூன்றையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அவர் பணத்தில் வாங்கிய பொருளுக்கான சலுகைப் புள்ளிகளை உங்கள் கடை அட்டையில் ஏற்றுவதும் அவர் சொத்தை எடுப்பதுதான். ஏடிஎம் கார்டின் ரகசிய எண் உங்களுக்குத் தெரியவே கூடாது. அவரால் வங்கிக்குப் போக முடியவில்லை என்றால், நிறுவனத்தின் வழியாக முறையான ஏற்பாடு செய்ய வேண்டும்.

கைமாற்று கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். சில்லறைக் காசாக இருந்தாலும் அப்படித்தான். உங்களிடம் கடன்பட்டவர் திருப்பித் தர முடியாத நாளில் உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசுவார். வலியையோ பசியையோ அன்று உங்களிடம் சொல்லமாட்டார்.

பரிசு விஷயத்தில் நிறுவனத்தின் விதியே முடிவு. பொதுவாக, ரொக்கத்தை எப்போதும் மறுக்க வேண்டும். எல்லோரும் பகிர்ந்துகொள்ளக்கூடிய சிறிய தின்பண்டம் என்றால் குழுவின் பெயரில் வாங்கலாம். வாங்கியதையும் மறுத்ததையும் எழுதிவையுங்கள். மறுக்கும்போது நன்றியை முதலில் சொல்லுங்கள்: "என்னை நினைத்து எடுத்து வைத்தீர்களே அம்மா, அதுவே சந்தோஷம். பணம் வாங்க எங்களுக்கு அனுமதி இல்லை. யார் கொடுத்தாலும் வாங்க முடியாது." எந்நேரமும் பெற்றுக்கொள்பவராகவே இருப்பது மனிதரைக் குறுக்கிவிடும், பரிசு தரும் ஆசை பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. அவருக்குத் தெரிந்த கைவேலையைக் காட்டச் சொல்லுங்கள், ஒரு விஷயத்தில் அவர் கருத்தைக் கேளுங்கள். அவரும் கொடுப்பவர் ஆகிவிடுவார்.

உயிலில் உங்கள் பெயரைச் சேர்க்கப்போவதாகச் சொன்னாலோ, ஏதாவது பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து கேட்டாலோ கையெழுத்துப் போடாமல் அன்றே மேற்பார்வையாளரிடம் தெரிவியுங்கள்.

"யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்"

சத்தியம் செய்யாதீர்கள். அவர் பேசத் தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள்: "நீங்கள் சொல்வதை ஊரெல்லாம் சொல்லமாட்டேன். ஆனால் உங்களுக்கோ வேறு யாருக்குமோ ஆபத்து என்றால் என் மேற்பார்வையாளரிடம் சொல்லியே ஆக வேண்டும். அதையும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்." இதைக் கேட்டுச் சிலர் வாயை மூடிக்கொள்வார்கள். அது வருத்தம்தான். ஆனாலும் வாக்கு கொடுத்துவிட்டுப் பின்னால் மீறினால் அதைவிடக் கேடு. அதன்பிறகு அவர் யாரையும் நம்பமாட்டார்.

அடி, மிரட்டல், பணப் பறிப்பு பற்றி ஒருவர் சொல்லும்போது விசாரணை அதிகாரி ஆகாதீர்கள். "மகன் அடித்தானா?" என்று கேட்டால் பதிலை நீங்களே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். "என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டு, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடம் போய்க் கேட்காதீர்கள். கறைபட்ட துணியைத் துவைத்துவிடாதீர்கள். அன்றே தெரிவியுங்கள், உடனடி ஆபத்து என்றால் அவசர உதவியை அழையுங்கள். 'சொல்லிவிட்டுத்தான் செய்வேன்' என்பதற்கு இங்கே ஒரு விலக்கு உண்டு. துன்புறுத்துபவர் அதே வீட்டில் இருந்து, முன்கூட்டிச் சொன்னால் ஆபத்து கூடும் என்றால், மேற்பார்வையாளரிடம் கேட்டபிறகே பேசுங்கள்.

தொடுதல்

கதவைத் தட்டிவிட்டு நுழையுங்கள். ஒவ்வொரு செயலுக்கும் முன்னால் "இப்போது முதுகைத் துடைக்கிறேன்" என்று சொல்லிச் செய்யுங்கள். துடைக்கும் இடம் தவிர மற்ற உடலைத் துண்டால் மூடிவையுங்கள். அவர் கைக்கு எட்டும் இடத்தை அவரே கழுவட்டும். 'வேண்டாம்' என்று சொன்னால் நிறுத்துங்கள். பேசாமல் உடலை இறுக்கினாலும் அதுவும் 'வேண்டாம்'தான்.

அவர் உங்களைப் பாலியல் நோக்கில் தொட்டாலோ, அப்படிப் பேசினாலோ உடனே கையை எடுத்துவிட்டு, "இது கூடாது, நான் இப்போது வெளியே நிற்கிறேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவர் பாதுகாப்பாக இருப்பதை உறுதி செய்து விலகுங்கள். பிறகு எழுதுங்கள், தெரிவியுங்கள். மறதி நோய் உள்ளவர் உடையைக் களைவது சிறுநீர் கழிக்க வேண்டியிருப்பதாலோ உடல் புழுங்குவதாலோகூட இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.

உங்கள் கதை, உங்கள் ஃபோன்

"எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள்" என்று ஒரு வரி சொல்வதில் பிழையில்லை. உங்கள் கடன், மணவாழ்க்கைச் சிக்கல், சக ஊழியர் மீதான குறை ஆகியவற்றைச் சொல்லத் தொடங்கினால், உங்களைத் தேற்றுவது அவர் வேலையாகிவிடும். சொந்த எண் தராதீர்கள். ஃபேஸ்புக்கில் நண்பராக இணைக்காதீர்கள். அவர் படமோ வீட்டுப் படமோ உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வரக்கூடாது, முகம் தெரியாவிட்டாலும்.

குடும்பத்தார் கேட்கும்போது

வீட்டார் எல்லோரின் துணியையும் துவைக்கச் சொன்னால், அவருக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்திருக்கும் பராமரிப்புத் திட்டத்தைக் காட்டிப் பேசலாம். அதைவிடக் கடினமானது, "அப்பாவுக்குத் தெரியாமல் மாத்திரையைப் பொடித்துச் சாப்பாட்டில் கலந்துவிடுங்கள்" என்ற வேண்டுகோள். மறுத்துவிட்டு அன்றே தெரிவியுங்கள். முடிவெடுக்கும் திறன் உள்ளவருக்கு மருந்தை மறுக்கும் உரிமை உண்டு. அத்திறன் இல்லாதவருக்கும் மருத்துவரும் மருந்தாளரும் சேர்ந்து முடிவு செய்து, எழுத்தில் இருந்தால்தான் அப்படிக் கொடுக்கலாம். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும்.

வழுக்கும் அறிகுறிகள்

விடுமுறை நாளில் போய்ப் பார்ப்பது, ஒரே வீட்டில் மட்டும் நேரம் கூடிக்கொண்டே போவது, 'என்னை விட்டால் இவருக்கு யாருமில்லை' என்ற எண்ணம்: இவை எல்லை வழுக்கத் தொடங்கியதன் அறிகுறிகள். 1968இல் மனநல மருத்துவர் ஸ்டீபன் கார்ப்மன் விவரித்த முக்கோணத்தில் பாதிக்கப்பட்டவர், மீட்பவர், துன்புறுத்துபவர் என்று மூன்று இடங்கள் உண்டு. அவற்றில் ஆட்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். மீட்பவராகப் போனவர் களைத்து, "இவ்வளவு செய்தும் நன்றியில்லையே" என்று எரிந்து விழுவது அந்த இடமாற்றம்தான். எதிர்ப்பக்கமும் எல்லைமீறலே: முகம் பார்க்காமல் வேலையை முடிப்பது, அழைப்பைத் தள்ளிப்போடுவது, பெயருக்குப் பதில் 'மூணாம் நம்பர் ரூம்' என்பது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை; பாதிப்பு இதில் குறைவு என்று நாங்கள் நினைக்கவில்லை.

ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டால், முதலில் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். அடுத்து உங்கள் பராமரிப்பில் உள்ளவரிடம்: "என் நம்பரைத் தந்தது என் தவறு ஐயா, உங்கள் தவறு இல்லை. இனி இந்த எண்ணில் அலுவலகத்தை அழையுங்கள், எந்த நேரமும் ஆள் இருப்பார்கள்." மாற்று வழியைக் காட்டாமல் துண்டிக்காதீர்கள். முதல் சில நாள் அழைப்புகள் கூடத்தான் செய்யும். பத்தாவது அழைப்பை எடுத்துவிட்டால், பத்து முறை அழைத்தால் எடுப்பார் என்பதையே கற்றுக்கொடுத்திருப்பீர்கள்.

எழுதும் முறை

'கோபமாக இருந்தார்' என்பது உங்கள் கணிப்பு. 'காலை 9.40: தட்டைத் தள்ளிவிட்டு, "போய்விடு" என்று இரண்டு முறை சொன்னார்' என்பது நடந்தது. நடந்ததை எழுதுங்கள், கணிப்பு தேவைப்பட்டால் கணிப்பு என்றே குறிப்பிடுங்கள். பணி முடியுமுன் எழுதிவிடுங்கள். பிழையை வெள்ளை மை பூசி மறைக்காமல், ஒரே கோட்டால் அடித்துக் கையெழுத்தும் நேரமும் இடுங்கள்.

விடைபெறுதல்

நீங்கள் மாறப்போவது உறுதியானதும் சொல்லுங்கள். இன்னும் எத்தனை வருகை மீதம் என்று ஒவ்வொரு முறையும் நினைவூட்டுங்கள். புதிதாக வருபவரை முடிந்தால் இரண்டு முறையாவது உடன் அழைத்துப் போங்கள். முதல் முறை அவர் பார்க்கட்டும், இரண்டாம் முறை அவர் செய்ய நீங்கள் பாருங்கள். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் வலிக்கும், எந்தக் காது கேட்கும், எதைப் பேசினால் முகம் மலரும் என்பவை திட்டத்தில் இருக்காது. அவற்றை எழுதிக் கொடுங்கள். 'அடிக்கடி வந்து பார்ப்பேன்' என்று ஆறுதலுக்காகச் சொல்லாதீர்கள். அவர் அந்த நாளை எண்ணிக்கொண்டிருப்பார். சாவியை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். அவர் எண்ணையும் வீட்டு விவரங்களையும் உங்கள் ஃபோனிலிருந்து அழித்துவிடுங்கள். திடீரென்று மாற்றப்பட்டு நேரில் சொல்ல முடியாமல் போனால், நிறுவனத்தின் வழியாக நான்கு வரிக் கடிதமாவது அனுப்புங்கள். சொல்லாமல் போனவரைப் பற்றி, தான் என்ன தவறு செய்தோம் என்றுதான் பலர் யோசித்துக்கொண்டிருப்பார்கள்.