மலையில் கேரவன் ஆனிங்: மழையைப் பார்த்துக் காற்றை மறந்துவிடாதீர்கள்

ஒரு ஐப்பசியில் கோத்தகிரி பக்கம், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய தனியார் இடத்தில் மூன்று கேரவன்கள் நிறுத்தியிருந்தோம். வானம் கருத்துக்கொண்டு வந்தது. பக்கத்து வண்டிக்காரர் ஆனிங்கின், அதாவது வண்டிச் சுவரிலிருந்து இழுத்து விரிக்கும் துணிக்கூரையின், ஒரு காலைத் தாழ்த்தி, தண்ணீர் ஒரு மூலையில் வடியும்படி நன்றாகச் சாய்த்து வைத்தார். மழைக்கு அது சரியான வேலைதான். ஆனால் மழைக்குச் சில நிமிடம் முன்னால் பள்ளத்திலிருந்து ஒரு காற்று ஏறி வந்தது. துணியை அடியிலிருந்து தூக்கி, கம்பியும் காலுமாக வண்டியின் கூரை மேல் புரட்டிப் போட்டது. துணியைத் தாங்கும் ஆனிங்கின் இரண்டு கைகளும் முறுக்கிக்கொண்டன. துணி சுருண்டிருக்கும் பெட்டி, வண்டிச் சுவரிலிருந்து ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பையன் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தான். அன்றிலிருந்து ஆனிங் விரிக்கும் யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

மழைக்குச் சாய்ப்பது ஒரு வேலை, காற்றுக்குக் கட்டுவது வேறு வேலை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் முடிந்தது என்று நினைப்பதுதான் மலைக்கு வருபவர்கள் அதிகம் செய்யும் தவறு. சமவெளியில் காற்று பெரும்பாலும் பக்கவாட்டில் வரும். மலை விளிம்பில் அது சரிவில் மோதி மேல்நோக்கி ஏறும். ஆனிங்கோ ஒரு ஓரத்தில் மட்டும் பிடித்திருக்கிற துணி. உள்ளே நுழைந்த காற்று வண்டிச் சுவரில் முட்டி நின்றுவிட்டால், அதற்கு மேலே தூக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அதனால்தான் காட்சி நன்றாக இருக்கிறது என்று பள்ளத்தைப் பார்த்து ஆனிங்கை விரிப்பது எனக்குப் பயத்தைத் தருகிறது. கோடநாடு பக்கமானாலும் சரி, கொடைக்கானலில் பெரியகுளம் பக்கம் செங்குத்தாக இறங்கும் விளிம்பானாலும் சரி, காட்சியை நின்று பாருங்கள். வண்டியை உள்ளே தள்ளி நிறுத்துங்கள்.

நிறுத்தும் திசையிலேயே பாதிக் காரியம் முடிந்துவிடும். நம் ஊர் வண்டிகளில் கதவும் ஆனிங்கும் பெரும்பாலும் இடது பக்கம் இருக்கும். ஆகவே டிரைவர் பக்கம் காற்றை வாங்க வேண்டும். வண்டியே சுவராக நிற்கும். ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து வரும், அப்போது வண்டியின் மூக்கு தெற்கே இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கு, வடகிழக்குக் காற்று, மூக்கை வடக்கே திருப்புங்கள். மலையின் மடிப்பு காற்றைத் திருப்பிவிடும் என்பதால், இறங்கியதும் ஒரு கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நிழலுக்காகக் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தடியில் மட்டும் நிறுத்த வேண்டாம். மழைக்காலத்தில் நீலகிரியில் சாலையில் விழுந்து கிடப்பவை பெரும்பாலும் அந்த மரங்களும் சீகை மரங்களும்தான்.

அடுத்தது கட்டுவது. ஆனிங்கோடு வரும் சின்ன முளைகள் இந்தச் செம்மண்ணில், அதுவும் இரண்டு நாள் மழை பெய்து ஊறிய மண்ணில், நிற்பதில்லை. வெல்டிங் பட்டறையில் 12 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியை ஒன்றரை அடிக்கு வெட்டி, தலையை வளைத்து வாங்கிக்கொள்ளுங்கள். முளையை நேராக இறக்கக் கூடாது. தலை வண்டியை விட்டு விலகிச் சாய்ந்திருக்கும்படி அடித்தால்தான் ஆனிங்கைத் தரையோடு கட்டும் நாடா இழுக்க இழுக்க மண் பிடிக்கும். நாடா, துணியின் வெளி ஓரத்தில் இருக்கும் முன்கம்பியின் இரண்டு முனைகளின் மேலாகவும் போய்த் தரைக்கு வர வேண்டும். கால்களுக்கு மட்டும் முளையடித்துவிட்டுப் போவதைப் பார்க்கிறேன். கால் தரையில் நிற்கும், கம்பி பறந்துவிடும். நைலான் கயிறு நனைந்தால் நீளும், பாலியெஸ்டர் நாடா அவ்வளவு நீளாது. எதுவானாலும் மழை தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை போய் இழுத்துப் பாருங்கள். பக்கத்து மரத்தில் கட்டாதீர்கள். மரம் ஆடும்போதெல்லாம் ஆனிங்கையும் சேர்த்து இழுக்கும்.

இவ்வளவு கட்டினாலும் ஆனிங் புயலைத் தாங்கும் கூரை ஆகிவிடாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். எப்போது சுருட்டுவது என்பதற்கு நான் மரங்களைத்தான் பார்ப்பேன். சருகும் தூசியும் கிளம்பி, சிறு கிளைகள் ஆடினால் மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர் வேகம். அப்போதே சுருட்டும் கைப்பிடியைக் கையில் எடுத்துவிடுவேன். இலையுள்ள சின்ன மரமே அசைந்தாடினால் 29ஐத் தாண்டிவிட்டது என்று பொருள். தேயிலைத் தோட்டத்தில் இன்னொரு அடையாளம் உண்டு: சில்வர் ஓக் இலைகள் புரண்டு வெள்ளை அடிப்பக்கம் காட்டும். இடிமழைக்கு முன்னால் திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால், முதல் துளிக்காகக் காத்திருக்காமல் சுருட்டிவிடுங்கள். மோட்டார் ஆனிங்கில் சென்சார் இருக்கிறதே என்று நம்பி வெளியே போகாதீர்கள். காற்று ஆட்டிய பிறகுதான் அதற்குத் தெரியும், சுருண்டு முடிக்க இன்னும் நேரம் பிடிக்கும்.

மழைக்கு வருவோம். 3 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலத்துக்கு விரித்தால் 7.5 சதுர மீட்டர் துணி. அதில் 1 சென்டிமீட்டர் மழை வடியாமல் நின்றால் 75 லிட்டர், அதாவது 75 கிலோ. ஒரு ஆள் மேலே ஏறிப் படுத்தது போல. துணி தொய்யும், தொய்ந்த இடத்தில் இன்னும் தண்ணீர் சேரும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்தத் துணிமேல் 6,000 லிட்டர், ஒரு தண்ணீர் லாரி அளவு. கூடலூர், தேவாலா, அவலாஞ்சி பக்கம் ஆடி மழையில் ஆனிங்கைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. சாதாரண மழைக்கு முன்கம்பி பெட்டியைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். ஒரு காலை மற்றதைவிட ஒரு சாணுக்கு மேல் தாழ்த்துங்கள். கதவுக்கு எதிர்மூலையில், நிலம் சரியும் பக்கம் தண்ணீர் விழட்டும். முழுதாக விரிக்காமல் பாதி விரித்தால் தொய்வு குறையும். நீள ஆனிங்குக்கு நடுவே முட்டுக்கம்பி வேண்டும்.

தண்ணீர் ஏற்கெனவே தேங்கிவிட்டதா? அப்படியே சுருட்டாதீர்கள், கைகள் வளைந்துவிடும். காலைச் சட்டென்று தளர்த்தினாலும் 75 கிலோவும் ஒரே பக்கம் பாயும். அகலமான துடைப்பத்தில் துணி சுற்றி, ஓரத்தில் நின்றுகொண்டு, தாழ்ந்த மூலைப் பக்கமாக மெதுவாகத் தள்ளுங்கள். அடியில் நிற்காதீர்கள்.

சாரல் அடிக்கிறது என்று மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டி மறைப்பவர்கள் உண்டு. காற்றுக்கு அது பாய்மரம் விரித்தது போல ஆகிவிடும். அதைவிட மோசம், அதற்குள் கரி அடுப்போ கேஸ் அடுப்போ பற்றவைப்பது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. குளிருக்கு இதமாக இருக்கிறது என்று உட்கார்ந்திருக்கும்போதே மயக்கம் வந்துவிடும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

இரவில் எப்போதும் சுருட்டிவிட்டுத்தான் படுக்க வேண்டும். காற்றுக்காக மட்டும் சொல்லவில்லை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் எங்கும் காட்டெருமைகள் இருட்டில் தோட்டங்களுக்குள் நடமாடுகின்றன. நாடாவில் கால் மாட்டி மிரண்டால் அதற்கும் கேடு, வண்டிக்கும் கேடு. மார்கழி, தையில் ஊட்டி பக்கத்துத் தலைக்குந்தா போன்ற தாழ்வான இடங்களில் உறைபனி விழும். நனைந்த துணி விறைத்திருந்தால் வெயில் ஏறும்வரை அதை இழுக்காமல் விடுங்கள்.

காற்று வந்தால் ஈரத்தோடு சுருட்டத் தயங்காதீர்கள். பூசணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், உடைந்த ஆனிங் கையைப் பார்த்துக்கொள்ள முடியாது. ஆனால் ஓரிரு நாளுக்குள் காயவைத்தாக வேண்டும். மழைக்காலத்தில் ஊட்டியில் அதற்கு வெயில் கிடைக்காது. ஆடியில் மசினகுடிக்கு இறங்கினால் மழை மறைவுப் பக்கம், வானம் வெளுத்திருக்கும். ஐப்பசியில் மழை விட்ட ஒரு நண்பகலாகப் பார்த்து, மேட்டுப்பாளையம் இறங்கி விரிக்கலாம். இறங்குமுன் கால்கள் மடங்கி உள்ளே போயிருக்கின்றனவா, பெட்டி இரண்டு முனையிலும் பூட்டியிருக்கிறதா என்று கையால் தட்டிப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் அது திறந்துகொள்ளக் கூடாது. கீழே போய் விரித்ததும் துணியின் நடுப்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும். தையலும் உருளையை ஒட்டிய ஓரமும்தான் கடைசியில் காயும். அந்த ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் சுருட்டுங்கள்.