பிறக்கும் கோளைப் படத்தில் பிடிப்பது எப்படி?

பெரிய தொலைநோக்கியில் ஓர் இரவு கிடைத்தால்தான் இந்த வேலைக்குள் நுழைய முடியும் என்று எண்ணிப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தமுண்டு. ஐரோப்பிய தெற்கு வானாய்வகம் தன் கருவிகள் எடுத்த மூலத் தரவுகளைப் பெரும்பாலும் ஓராண்டு கழித்து எல்லோருக்கும் திறந்துவிடுகிறது. நான் புழங்குவது அந்தக் காப்பகத்தில்தான். ஒரு கணினியும் பைத்தான் மொழியில் ஓரளவு பழக்கமும் இருந்தால் நீங்களும் வரலாம்.

முதல் வேலை, விண்மீனைத் தேர்ந்தெடுப்பது. வயது ஒரு கோடி ஆண்டுக்குள் இருக்க வேண்டும்; சுற்றிலும் வாயுவும் தூசியும் சேர்ந்த வட்டு இருக்க வேண்டும்; அந்த வட்டில் வழித்தெடுத்தாற்போல் ஓர் இடைவெளி இருக்க வேண்டும். தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது பிடிஎஸ் 70. சுமார் 370 ஒளியாண்டுத் தொலைவு, ஏறக்குறைய 50 லட்சம் ஆண்டு வயது. 2018இல் அதன் இடைவெளிக்குள் ஒரு கோளும், 2019இல் இன்னொன்றும் அறிவிக்கப்பட்டன. விடை தெரிந்த கணக்கில் கை பழகுவது நல்லது.

இளங்கோள் பிறந்த சூடு ஆறாமல் அகச்சிவப்பில் தானே ஒளிர்கிறது. நாம் பிடிப்பது அந்த ஒளியைத்தான். ஆனால் பிடிஎஸ் 70இன் முதல் கோள் விண்மீனிலிருந்து 0.2 வில்நொடிதான் தள்ளியிருக்கிறது. ஒரு பாகைக்கு 3,600 வில்நொடி என்பதை நினைவில் வையுங்கள். சிலியின் பரனால் மலையில், 8.2 மீட்டர் தொலைநோக்கியில் பொருத்தியுள்ள ஸ்ஃபியர் கருவி இதற்கென்றே செய்யப்பட்டது. அதன் வளையும் ஆடி நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் வடிவம் மாறிக் காற்றின் கலக்கத்தைச் சரிசெய்கிறது. கொரோனாகிராஃப் விண்மீனின் நடு ஒளியை மறைக்கிறது. அதற்குப் பிறகும் படம் முழுக்க ஒளிப் பொட்டுகள். பார்வைக்கு ஒவ்வொன்றும் கோள்தான்.

பொட்டுகளைக் களைய வானத்தின் சுழற்சியே கைகொடுக்கிறது. வானம் சுழல்வதற்கு ஈடாகப் படப்புலத்தைத் திருப்பாமல், கருவியை அப்படியே விட்டு எடுத்த தரவைத் தேடி இறக்குங்கள். அதில் கருவியின் குறைகளால் வரும் பொட்டுகள் அசையாமல் நிற்கும். கோள் மட்டும் விண்மீனைச் சுற்றி நகரும். எத்தனை படங்கள் என்பதைவிட எவ்வளவு சுழற்சி என்பதையே நான் முதலில் பார்ப்பேன். 2.1 மைக்ரான் அலைநீளத்தில் இந்தக் கோளின் பிம்பம் தன் அகலமளவு விலகவே 15 பாகை சுழற்சி வேண்டும். அதைப்போல மூன்று மடங்காவது இல்லாத தரவில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

விஐபி, பைக்ளிப் என்ற இலவச மென்பொருள்கள் மீதியைச் செய்யும். கலங்கிய படங்களை நீக்கி, விண்மீனை மையத்துக்குக் கொண்டுவந்து, அசையாத பகுதியைக் கழித்து, படங்களைத் திருப்பி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். கழிக்கப் பயன்படும் முதன்மைக் கூறுகளின், அதாவது படங்களில் பொதுவாகத் திரும்பவரும் பொட்டு வடிவங்களின், எண்ணிக்கையை ஐந்திலிருந்து இருபது வரை ஏற்றிப் பாருங்கள். உண்மையான கோள் மங்கினாலும் இடம் மாறாது. அதன் இரு பக்கமும், சுழன்ற திசையில், கறுத்த நிழல்போல இரண்டு தழும்புகள் விழும். கோளின் ஒளியே தன்னைச் சிறிது கழித்துக்கொண்டதன் தடம் அது. நான் புள்ளியைப் பார்க்கும் முன் அந்தத் தழும்புகளைத்தான் தேடுவேன்.

ஆனால் வட்டின் பிரகாசமான விளிம்பும் இதே கழிப்பில் நறுக்கப்பட்டு, கோள்போலத் திரண்டு நிற்கும். எல்கேசிஏ 15 விண்மீனைச் சுற்றி 2015இல் உருவாகும் கோள்கள் தென்பட்டதாக அறிவித்தார்கள். 2019இல் வந்த கூர்மையான படங்கள், அந்த ஒளியில் பெரும்பகுதி வட்டிலிருந்து வருவதாகக் காட்டின. ஆகவே மூலப் படங்களில் போலிக் கோள் ஒன்றைச் செருகி, அது எப்படி வெளிவருகிறது என்று ஒப்பிடுங்கள். கோளின் உண்மையான வெளிச்சத்தை அளக்கவும் அதுதான் வழி.

அடுத்து 656.3 நானோமீட்டர். கோளின்மேல் விழும் ஹைட்ரஜன் வாயு இந்தச் சிவப்பில் ஒளிரும். பிடிஎஸ் 70இன் இரண்டாவது கோள் அப்படித்தான் சிக்கியது. 2025இல் அறிவிக்கப்பட்ட விஸ்பிட் 2பி என்ற இளங்கோளும் இந்த ஒளியில் தெரிந்தது. எச்சரிக்கை: இளம் விண்மீனும் வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கும். அதன் சிவப்பொளியே வட்டில் பட்டுத் தெறிக்கலாம். பக்கத்து அலைநீளத்தோடு ஒப்பிட்டு, விண்மீனைவிட அந்தப் புள்ளியில் சிவப்பு மிகுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசிச் சோதனை காலம். பின்னணி விண்மீனாக இருந்தால், பிடிஎஸ் 70 வானில் நகர்வதால், அந்தப் புள்ளி ஸ்ஃபியர் படத்தில் ஆண்டுக்குச் சுமார் மூன்று பிக்சல் பின்தங்கும். கோளாக இருந்தால் விண்மீனோடு சேர்ந்தே போகும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 120 ஆண்டு ஆவதால், தன் பாதையில் ஆண்டுக்கு ஒரு பிக்சல்கூட நகராது. முதல் கோளை உறுதிசெய்தவர்கள் 2012 முதல் 2016 வரையிலான படங்களைக் கோத்துத்தான் பேசினார்கள். அத்தகைய இடைவெளியில் எடுத்த தரவு உங்களிடம் இல்லையென்றால், படத்தின் கீழே ‘கோளாக இருக்கக்கூடும்’ என்று மட்டும் எழுதுங்கள்.