லார்சன் ஆடிய ‘பிரஸ் யுவர் லக்’: பலகையின் ஒழுங்கை நீங்களே பிடிக்க

‘பிரஸ் யுவர் லக்’ ஓர் அமெரிக்க டிவி போட்டி. பலகையில் கட்டம் கட்டமாகத் தாவும் விளக்கை ஆட்டக்காரர் பொத்தானை அழுத்தி நிறுத்துவார், நின்ற கட்டத்தில் இருப்பது அவருக்கு. அந்த ஒரு ஓட்டம்தான் ஸ்பின். விளக்கு தாவியது சில நிலையான வரிசைகளில்தான், அந்த ஒழுங்குகளை மனப்பாடம் செய்துகொண்டு ஆட வந்தவர் மைக்கேல் லார்சன். அவர் 1,10,237 டாலர் அள்ளிய ஆட்டம் நேரம் மீறி நீண்டதால், சிபிஎஸ் தொலைக்காட்சி அதை 1984 ஜூன் 8, 11 என இரு பாகமாக ஒளிபரப்பியது. இரண்டுமே வேண்டும். அகலத்திரைக்கு இழுத்த பிரதியை விட்டுவிட்டு 4:3 பிரதியையே எடுங்கள். மேல், கீழ் வரிசைகள் வெட்டுப்பட்டிருந்தால் அது உதவாது.

முதலில் தாளில் பலகையை வரையுங்கள். கிடையாக 6, நெடுக்காக 5, ஓரம் மட்டும்: மொத்தம் 18 கட்டம். இடது மேல் மூலை 1, அங்கிருந்து வலம் சுற்றி எண் போடுங்கள். 4 மேல் வரிசையில் விழும், 8 வலப்பக்க நடுவில். இந்த இரண்டிலும் வாமி, அதாவது சேர்த்த பணத்தையெல்லாம் பறிக்கும் பொம்மை, வராது. இரண்டாம் சுற்றில் 4-ல் 3,000, 4,000, 5,000 டாலர்தான் மாறி மாறி வரும், ஒவ்வொன்றோடும் ஒரு ஸ்பின் இலவசம். ஆட்டம் முடியாமல் நீண்டதற்கு அந்த இலவச ஸ்பின்தான் காரணம். முதல் சுற்றில் லார்சன் அழுத்திய முதல் அழுத்தே வாமி. 17-ஆம் கட்டம், இடப்பக்க நடு.

இனி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். விஎல்சி வீடியோ பிளேயரில் ஆங்கில ‘E’ விசை. யூடியூபில் நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசை. ஒரே ஃபிரேமில் இரண்டு கட்டம் எரிவதுபோல் தெரிந்தால் பலகையில் கோளாறு இல்லை, பழைய டிவி வீடியோவின் இரு பாதிப் படங்கள் கலந்திருக்கின்றன. விஎல்சியில் டீஇன்டர்லேஸ் போட்டு ‘யாடிஃப் 2எக்ஸ்’ தேர்ந்தெடுத்தால் பிரிந்துவிடும். யூடியூபில் இதற்கு வழியில்லை.

விளக்கு எரியும் கட்டத்தின் எண்ணை மட்டும் வரிசையாக எழுதுங்கள். தொகைகள் தனியாக மாறிக்கொண்டிருக்கும். அதையும் குறிக்கப் போனால் இரண்டும் குழம்பும். பெரும்பாலோர் கைவிடுவது இங்கேதான். கேமரா ஆட்டக்காரர் முகத்துக்குப் போனதும் கோடு கிழித்து அடுத்த வரியில் தொடங்குங்கள். முன்னதோடு ஒட்டவைத்தால் இல்லாத ஆறாவது ஒழுங்கு ஒன்று முளைக்கும். இருந்தது ஐந்தே.

வரிகளை ஒப்பிட்டு, 4-க்கும் 8-க்கும் முன்னால் திரும்பத் திரும்ப வரும் எண்களை வட்டமிடுங்கள். லார்சன் காத்திருந்தது அவற்றுக்காகத்தான். பிறகு சாதாரண வேகத்தில் ஓடவிட்டு, 8 வரும்போது ஸ்பேஸ் பாரை அழுத்திப் பாருங்கள். ப்ளூடூத் விசைப்பலகை வேண்டாம், தாமதம் கையைக் கெடுக்கும். அப்போது லார்சனின் முகத்தையும் கவனியுங்கள்: தொகை என்னவென்று பார்க்காமலே கை தூக்கிவிடுவார். 1,02,851 டாலரில் மீதி 4 ஸ்பின்னை எதிராளிக்குத் தள்ளும்போது களைப்பு அப்பட்டமாகத் தெரியும்.

இதை ஏமாற்று என்பவர்கள் இன்றும் உண்டு. விதியில் எதுவும் மீறப்படவில்லை என்பதால் சிபிஎஸ் முழுத்தொகையையும் கொடுத்தது, ஓட்டை பலகையில்தான்.

சரிபார்க்க வேறு எபிசோட் தேவைப்பட்டால் இதற்கு முந்தியதையே எடுங்கள். பின்னர் புதிய ஒழுங்குகளைச் சேர்த்துவிட்டார்கள்; அந்த எபிசோடுகளில் உங்கள் வரிசை பொருந்தாது.